“ஒரு கையெழுத்து தானேம்மா”: அப்பா சொத்துல பொண்ணுங்க பங்கு வாங்குறது எப்படி

அப்பாவோட பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சு பந்தி எடுத்து இன்னும் பந்தல் கூட பிரிக்கல, எங்க அண்ணன் ஒரு பைலைக் கொண்டுவந்து திண்ணைல வச்சாரு. “ஒரு கையெழுத்து தானேம்மா, பட்டா பேர் மாத்தணும்ல, நாளைக்குக் காலைல பத்திர ஆபீஸ்ல டோக்கன் போட்டாச்சு, ஆதாரை மட்டும் எடுத்துட்டு வந்துரு”ன்னாரு. நானும் பேனாவை வாங்கிட்டேன். என்னமோ தோணி மேல எழுதியிருக்கிறதைப் பாத்தா “விடுதலைப் பத்திரம்”. மூணாவது பக்கத்துல “மேற்படி சொத்தில் இனி எனக்கு யாதொரு பாத்தியமும் பின்தொடர்ச்சியும் கிடையாது”ன்னு இருக்கு. பட்டா மாத்துறதுக்கு எதுக்கு எனக்கு பாத்தியம் இல்லாம போகணும்?

இதைப் படிக்கிற பாதிப் பேருக்கு இதே சீன் வேற வேற திண்ணைல நடந்திருக்கும், அதான் எழுதுறேன். நான் வக்கீல் இல்ல, ஆனா இதுக்காக நாலு வருஷம் தாலுகா ஆபீசும் கோர்ட்டும் ஏறி இறங்குனதுல தெரிஞ்சுக்கிட்டது நிறைய. அதுல ஒண்ணு முதல்லயே சொல்லிடுறேன். நம்ம பங்கை சட்டம் எடுத்துக்கறதில்ல, அண்ணன் தம்பியும் எடுத்துக்கறதில்ல, நாமளே போடுற அந்த ஒரு கையெழுத்துதான் எடுத்துக்குது. அதனால அந்தப் பேப்பர் கைக்கு வந்தா “படிச்சுட்டு தர்றேன் அண்ணே”ன்னு சொல்லிட்டு எல்லாப் பக்கத்தையும் போன்ல போட்டோ எடுத்துக்கோங்க. சண்டை வேணாம், அழுகை வேணாம், அந்த ஒரு வார்த்தை போதும். தலைப்புல “விடுதலை”, “பொது அதிகாரப் பத்திரம்”, “தான செட்டில்மென்ட்” இதுல எது இருந்தாலும் அது பட்டா மாத்துற பேப்பர் இல்ல. பவர் பத்திரம்தான் ரொம்ப மோசம், “நீ அலைய வேணாம்னு போட்டேன்”பாங்க, அதை வச்சு நம்ம பங்கையும் சேத்து வித்துடலாம்.

இப்ப உரிமை எங்கேர்ந்து வந்துச்சுன்னு கொஞ்சம் தெரிஞ்சுக்கணும், ஏன்னா வீட்ல பேசும்போது “அதெல்லாம் இப்ப வந்த சட்டம், நமக்கு செல்லாது”ன்னு ஒரு பெரியப்பா கண்டிப்பா சொல்லுவாரு. 1929ல செங்கல்பட்டுல பெரியார் கூட்டுன சுயமரியாதை மாநாட்டுல பொண்ணுங்களுக்கும் சமமா சொத்துரிமை வேணும்னு தீர்மானம் போட்டாங்க. 1956ல வந்த இந்து வாரிசுரிமைச் சட்டம், அப்பா சுயமா சம்பாதிச்ச சொத்துல மகனுக்கும் மகளுக்கும் சம பங்குன்னு சொல்லிருச்சு, ஆனா பூர்வீக சொத்துல, அதாவது தலைமுறை தலைமுறையா பிரியாம வர்ற குடும்ப சொத்துல, பையனுக்கு மட்டும்தான் பிறந்ததுமே பங்கு. செங்கல்பட்டு தீர்மானத்துக்குச் சரியா அறுபது வருஷம் கழிச்சு கலைஞர் ஆட்சில தமிழ்நாடு அதைத் திருத்துச்சு, 1989 மார்ச் 25ல இருந்து மகளும் பூர்வீகத்துல கூட்டுப் பங்குதாரர்னு. ஆந்திரா நமக்கு முன்னாடியே பண்ணிட்டாங்க, கர்நாடகா மகாராஷ்டிரா எல்லாம் 1994ல. ஆனா நம்ம சட்டத்துல ஒரு ஓட்டை, அந்தத் தேதிக்கு முன்னாடி கல்யாணம் ஆனவங்களுக்கு கிடையாது. எங்க பெரியம்மாவுக்கு 1984ல கல்யாணம், அவங்க தங்கச்சிக்கு 1990ல, ஒரே வீட்டுப் பொண்ணுங்க, ஒருத்திக்கு உண்டு இன்னொருத்திக்கு இல்லன்னு ஆயிருச்சு. 2005 செப்டம்பர் 9ல இருந்து மத்திய அரசு சட்டத்தையே திருத்தி நாடு முழுக்க இந்த கல்யாண வித்தியாசத்தை எடுத்துட்டாங்க. அதுக்கப்புறமும் “அந்தத் தேதில அப்பா உயிரோட இருந்தாத்தான்”னு ஒரு குழப்பம் ஓடிச்சு, 2020 ஆகஸ்ட் 11ல உச்ச நீதிமன்றம் வினீதா சர்மா வழக்குல அதையும் முடிச்சு வச்சுது, பிறந்ததால வர்ற உரிமை, அப்பா எப்ப இறந்தாலும் உண்டுன்னு.

ஒரே ஒரு தேதியை மட்டும் மறக்காதீங்க, 2004 டிசம்பர் 20. அதுக்கு முன்னாடியே பதிவு பண்ண பாகப்பிரிவினைப் பத்திரமோ கோர்ட் டிகிரியோ (தீர்ப்பாணை) இருந்தா, இல்ல சொத்தை முறையா வித்திருந்தா, அதை இப்ப கிளற முடியாது. “நாங்க அப்பவே வாய்மொழியா பிரிச்சுக்கிட்டோம்”னு சொன்னா அது அவ்வளவு சுலபமா எடுபடாது, அந்தக் காலத்துலயே தனித்தனி பட்டா தனித்தனி கிஸ்தி ரசீதுன்னு அரசாங்கப் பேப்பர்ல அசைக்க முடியாத ஆதாரம் காட்டணும்.

எவ்வளவு வரும்னு கணக்கு போட்டுப் பாத்தாத்தான் இதோட வீரியம் புரியும். 3 ஏக்கர் 20 சென்ட், அதாவது 320 சென்ட் நிலம்னு வைங்க, அப்பா உயில் எழுதாம இறந்துட்டாரு, அம்மா இருக்காங்க, ரெண்டு பையன் ஒரு பொண்ணு. நிலம் அப்பா சம்பாத்தியம்னா நாலு சம பங்கு, ஆளுக்கு 80 சென்ட், அம்மாவுக்கும் 80 (இதை நிறைய பேர் மறந்துடுறாங்க, அப்பாவைப் பெத்த பாட்டி உயிரோட இருந்தா அவங்களும் ஒரு பங்கு, அப்ப அஞ்சு பங்கு). அதே நிலம் பூர்வீகம்னா முதல்ல அப்பா, மூணு பிள்ளைங்கன்னு நாலு பங்கா போட்டு, அப்பாவோட 80 சென்டை அம்மாவும் மூணு பிள்ளைங்களும் ஆளுக்கு 20ன்னு பிரிச்சுக்குவாங்க. பொண்ணுக்கு 80ம் 20ம் 100 சென்ட், பையன்களுக்கும் அதே 100, அம்மாவுக்கு 20. பழைய சட்டப்படி இதே பொண்ணுக்கு எவ்வளவு வந்திருக்கும் தெரியுமா, 26 சென்ட் சில்லறை. அண்ணனுக்கு 133. 26 எங்க, 100 எங்க!

தாத்தா கிட்ட இருந்து வந்ததெல்லாம் பூர்வீகம்னு நினைச்சுக்காதீங்க, நானும் அப்படித்தான் நினைச்சேன். தாத்தா அவரே சம்பாதிச்ச சொத்தா இருந்து, 1956க்கு அப்புறம் உயில் இல்லாம இறந்திருந்தா, அதுல அப்பாவுக்கு வந்த பங்கு அப்பாவோட தனிச் சொத்து மாதிரிதான். இது ஏன் முக்கியம்னா தனிச் சொத்தை அப்பா யாருக்கு வேணா உயில் எழுதலாம், உயிரோட இருக்கும்போதே செட்டில்மென்ட் பண்ணலாம், பொண்ணு கேக்க முடியாது. பூர்வீகத்துல அவரோட சொந்தப் பங்கை மட்டும்தான் உயில் எழுத முடியும், நம்ம பங்கைத் தொட முடியாது. அதனால உங்க சொத்து எந்த வகைன்னு பேப்பர் பாக்காம யார் கிட்டயும் வாய விடாதீங்க.

(இவ்வளவு நேரம் சொன்னது இந்து, பௌத்த, ஜைன, சீக்கிய குடும்பங்களுக்கு. கிறிஸ்தவங்களுக்கு 1925 இந்திய வாரிசுரிமைச் சட்டம், அதுல மகனும் மகளும் சமம், ஆனா பூர்வீகம்ங்கிற கணக்கே கிடையாது. முஸ்லிம்களுக்கு ஷரியத், மகளுக்கு மகனோட பங்குல பாதி. பழங்குடியினருக்கு இந்து வாரிசுரிமைச் சட்டம் நேரடியா பொருந்தாது, அவங்க தனியா வக்கீலைப் பாத்துடுங்க.)

சரி பேப்பர் வேலைக்கு வருவோம். மூணு பேப்பர் கைல இல்லாம பேச்சுவார்த்தைல உக்காராதீங்க, நல்ல விஷயம் என்னன்னா மூணுக்கும் யார் பர்மிஷனும் வேணாம், சாப்பாடு ஆனப்புறம் கட்டில்ல படுத்துக்கிட்டே ரெண்டை எடுத்துடலாம்.

முதல்ல பட்டா. தமிழ்நாடு அரசோட இ-சேவைகள் நில ஆவணத் தளத்துல மாவட்டம், தாலுகா, கிராமம், சர்வே நம்பர் குடுத்தா பட்டா சிட்டா ப்ரீயாவே வரும். சர்வே நம்பர் தெரியலன்னா பழைய கிஸ்தி ரசீது, கூட்டுறவு சொசைட்டி கடன் பேப்பர், எதுலயாவது இருக்கும், நான் கண்டுபிடிச்சது அம்மாவோட மஞ்சப்பைல மடிச்சு வச்சிருந்த உர ரசீது பின்னாடி அப்பா பென்சில்ல எழுதி வச்சிருந்த நம்பர்லேர்ந்து. பட்டாவைப் பாத்தா அப்பா பேர், சித்தப்பா பேர் ரெண்டும் இருந்துச்சு, கூட்டுப் பட்டா. அப்பவே தெரிஞ்சது இன்னும் யாருக்கும் சரியா பிரியவே இல்லன்னு. ஒருவேளை பட்டா ஏற்கனவே அண்ணன் பேர்ல மட்டும் மாறியிருந்தா பதறாதீங்க, பட்டா வச்சிருக்கறதால மட்டும் சொத்து அவங்களுது ஆயிடாது. தாசில்தார் உத்தரவை எதிர்த்து ஆர்டிஓ (வருவாய் கோட்டாட்சியர்) கிட்ட அப்பீல் போகலாம், அதுக்கு மேல டிஆர்ஓ (மாவட்ட வருவாய் அலுவலர்). பங்கே தகராறுன்னா அவங்க சிவில் கோர்ட்டுக்கு போகச் சொல்லிடுவாங்க, அது வேற விஷயம்.

ரெண்டாவது வில்லங்கச் சான்று, எல்லாரும் ஈசின்னு சொல்றது. பதிவுத்துறை வெப்சைட்ல பாக்கறதுக்கு காசு இல்ல, முத்திரையோட சான்று வேணும்னாத்தான் கட்டணும். பெரும்பாலும் 1975லேர்ந்து உள்ளது ஆன்லைன்ல கிடைக்கும், அதுக்கு முந்தினதுக்கு சப் ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ்ல தேடச் சொல்லி மனு போடணும். சும்மா பத்து வருஷம்னு போட்டுப் பாக்காதீங்க, கிடைக்கிற வரைக்கும் முழுசா போடுங்க, ஒவ்வொரு என்ட்ரியா படிங்க. கிரயமா, அடமானமா, பாகப்பிரிவினையா, செட்டில்மென்ட்டா, தேதி என்ன, எழுதிக் குடுத்தது யாரு. நமக்குத் தெரியாமலே நம்ம பேர்ல விடுதலை எழுதியிருக்கான்னும் இதுலதான் தெரியும். இருந்தா அந்த டாகுமென்ட் நம்பரை வச்சு காப்பி எடுத்து கையெழுத்து, போட்டோ, கைரேகை எல்லாம் யாரோடதுன்னு பாருங்க. பதிவான பத்திரத்தை ரத்து பண்ண கேஸ் போடணும்னா உங்களுக்கு தெரிஞ்ச நாள்லேர்ந்து 3 வருஷம்தான் டைம், அப்புறம் “பாத்துக்கலாம்”னு இருந்துடக் கூடாது.

மூணாவது வாரிசு சான்றிதழ். இதுதான் எல்லாத்துக்கும் ஆணிவேர். இ-சேவை மையத்துல 60 ரூபா, அப்பா இறப்புச் சான்றிதழ், எல்லா வாரிசோட ஆதார் கேப்பாங்க, விஏஓ, வருவாய் ஆய்வாளர் விசாரிச்சு தாசில்தார் குடுப்பாரு. கட்டிக் குடுத்த பொண்ணும் மனு போடலாம், அண்ணன்தான் போடணும்னு ஒண்ணும் இல்ல. ஏற்கனவே வாங்கிட்டாங்கன்னா அந்தக் காப்பியை வாங்கிப் பாருங்க. எனக்குத் தெரிஞ்ச ஒரு அக்கா வீட்ல, கல்யாணம் ஆகி வெளியூர் போயிட்டாங்கன்னு அவங்க பேரையே விட்டுட்டாங்க. விசாரணைக்கு வந்தவர்கிட்ட ரெண்டு பையன்னு மட்டும் சொல்லியிருக்காங்க, அவரும் தலையாட்டி எழுதிட்டுப் போயிட்டாரு. அந்த அக்கா பத்தாவது மார்க் ஷீட்டு, பழைய ரேஷன் கார்டு ஜெராக்ஸ், அவங்க கல்யாணப் பத்திரிகை (அதுல “இன்னாரின் புதல்வி”ன்னு அப்பா பேர் இருக்கே!) எல்லாம் வச்சு தாசில்தார் கிட்ட மனு குடுத்து சான்றிதழை மாத்தி வாங்குனாங்க. கல்யாணப் பத்திரிகையைத் தூக்கிப் போடாதீங்க.

பேப்பர் கைக்கு வந்தப்புறம்தான் வீட்ல பேச உக்காரணும். இங்க வர்ற டயலாக் எல்லாம் எனக்கு மனப்பாடம். “உனக்குத்தான் இருபது பவுன் போட்டோமே”. போட்டீங்க, சந்தோஷம், ஆனா சீர் செஞ்சதுனால வாரிசு பங்கு கழிஞ்சுடும்னு சட்டத்துல எங்கயும் இல்ல. அப்புறம் “பொறந்த வீட்டு வாசல் அடைஞ்சுடும்”. இதுக்கு சட்டத்துல பதில் இல்ல, மனசுலதான் சொல்லிக்கணும். நான் சொல்லிக்கிட்டது, சொத்து கேட்டதுக்காக அடையற வாசல் எனக்கு எப்பவும் முழுசா தொறந்து இருந்ததே இல்லன்னு. “குடியிருக்கிற வீட்டைப் பிரிக்கக் கேக்கக் கூடாது”ன்னும் சொல்லுவாங்க, அது பழைய சட்டத்தோட 23வது பிரிவு, ஆம்பளைங்க பிரிச்சுக்கிற வரைக்கும் பொண்ணு வீட்டைப் பிரிக்கச் சொல்ல முடியாதுன்னு இருந்துச்சு, 2005லயே எடுத்துட்டாங்க.

“பிரிச்சா ரிஜிஸ்டர் செலவே லட்சக்கணக்குல ஆகும்”னு ஒண்ணு வரும் பாருங்க, அதை நம்பாதீங்க. குடும்பத்துக்குள்ள பாகப்பிரிவினை, விடுதலை, செட்டில்மென்ட்டுக்கு முத்திரைத்தாள் கட்டணம் 1 சதவீதம், ஆனா உச்சவரம்பு 40,000 ரூபா, பதிவுக் கட்டணம் 1 சதவீதம், உச்சவரம்பு 10,000. 2023 ஜூலைல ஏத்துனதுக்கு அப்புறம் இருக்கிற கணக்கு இது. பாகப்பிரிவினைன்னா ஒவ்வொரு பங்குக்கும் தனித்தனியா வரும். எழுத்தர் கட்டணம்னு தனியா ஒரு தொகை சொல்லுவாங்க, ரசீது கேளுங்க, கேட்டதும் தொகை கொஞ்சம் குறையுறதை நானே பாத்தேன்.

இன்னொரு பயம், எங்க தெருவுலயே மூணு பேர் கேட்டாங்க, பட்டால பேர் ஏறிட்டா மாசம் வர்ற மகளிர் உரிமைத்தொகை 1,000 ரூபா நின்னுடுமான்னு. அதுக்கு நில வரம்பு குடும்பத்துக்கு 5 ஏக்கர் நஞ்சை, இல்ல 10 ஏக்கர் புஞ்சை. நமக்கு வர்ற 80 சென்டுக்கெல்லாம் ஒண்ணும் ஆகாது. ஆயிரம் ரூபாய்க்கு பயந்து நிலத்தை விட்ராதீங்கன்னு சொன்னா ஒரு அக்கா சிரிச்சுட்டு “நிலம் எப்ப வருமோ, ஆயிரம் பதினஞ்சாம் தேதி வந்துருதே”ன்னாங்க, அதுவும் நியாயம்தான்.

பங்கு வேணாம், பணமா போதும்னு நினைக்கிறவங்க தாராளமா விடுதலை எழுதலாம், நான் தப்பு சொல்லல. ஆனா தொகை பத்திரத்துலயே எழுதியிருக்கணும், ரொக்கமா இல்லாம பேங்க் மூலமா வரணும், அக்கவுண்ட்ல ஏறுனதைப் பாத்துட்டு கையெழுத்து போடுங்க. “அன்பின் பேரில்”னு எழுதிட்டு “அறுவடை முடிஞ்சதும் தர்றேன்”னு சொன்னா அந்த அறுவடை வரவே வராது. எல்லா சொத்துக்கும் சேத்து மொத்தமா எழுதியிருக்கான்னும் பாருங்க, சொத்து விவரம் போட்டிருக்கிற பக்கத்துல சர்வே நம்பர், பரப்பு, நான்கு மால் (நாலு பக்க எல்லை) மூணையும் விரல் வச்சுப் படிங்க. தோட்டத்துக்கு மட்டும்னு சொல்லிட்டு ஊருக்குள்ள இருக்கிற வீட்டு மனையும் கடைசி வரில ஒக்காந்திருக்கும்.

பேச்சு முறிஞ்சா என்ன பண்றது? வக்கீலுக்கு காசு இல்லன்னு பின்வாங்காதீங்க. 1987 சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்துல பொண்ணுங்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு, வருமான வரம்பெல்லாம் கிடையாது. மாவட்ட கோர்ட் வளாகத்துக்குள்ளயே மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு ஆபீஸ் இருக்கும், தாலுகா கோர்ட்லயும் வட்ட குழு இருக்கும், இல்லன்னா 15100க்கு போன் பண்ணுங்க. நான் முதல்ல போனது அங்கதான். பேப்பர்ல மனு எழுதிக் குடுத்தேன், எங்க அண்ணனுக்கு சம்மன் இல்லாம சாதாரண நோட்டீஸ்தான் போச்சு, வந்து உக்காந்தாரு. கேஸ் போடறதுக்கு முன்னாடியே இப்படிப் பேசி முடிக்கலாம், லோக் அதாலத்ல (மக்கள் நீதிமன்றம்) முடிஞ்சா அந்த உத்தரவு கோர்ட் டிகிரிக்கு சமம், அப்பீலும் கிடையாது, அதனால சம்மதிக்கிறதுக்கு முன்னாடி நல்லா யோசிச்சு சம்மதிங்க.

அங்கயும் முடியலன்னா பாகப்பிரிவினை வழக்கு. முதல்ல யாருக்கு எவ்வளவு பங்குன்னு முதல்நிலை தீர்ப்பு, அப்புறம் கமிஷனர் சர்வேயரோட வந்து அளந்து இறுதித் தீர்ப்பு. வருஷக் கணக்காகும், பொய் சொல்ல மாட்டேன். அதனால கேஸ் போடும்போதே விக்கக் கூடாதுன்னு தடையாணையும் கேளுங்க. கேஸ் நடக்கும்போது வாங்குறவங்க அந்தத் தீர்ப்புக்கு கட்டுப்பட்டவங்கதான், ஆனா மூணாவது ஆள் வேலி போட்டு உக்காந்துட்டா நமக்குத்தான் இழுத்தடிப்பு. குடும்ப சொத்துலேர்ந்து நம்மளை ஒதுக்கிட்டாங்கன்னு தெரிஞ்ச நாள்லேர்ந்து 12 வருஷத்துக்குள்ள கேக்கணும். “பிள்ளைங்க படிப்பு முடியட்டும், அப்புறம் கேக்கலாம்”னு நான் பாத்த ரெண்டு பேர் தள்ளித் தள்ளி அந்த 12ஐ நெருங்கிட்டாங்க.

எங்க கதை சட்டப்பணிகள் ஆபீஸ்ல ஆரம்பிச்சு, நடுவுல முறிஞ்சு கேஸ் போட்டு, கடைசில லோக் அதாலத்லயே முடிஞ்சுது. அண்ணன் ரோட்டோர பக்கத்தை எடுத்துக்கிட்டாரு, எனக்கு கிணத்து மேட்டுப் பக்கம், வண்டிப் பாதை எனக்கும் உண்டுன்னு எழுதி வாங்கினேன். பாதையை எழுதாம விட்டுட்டா வாங்குன பங்குக்கு ஹெலிகாப்டர்லதான் போகணும். அதே மாதிரி கிணத்துல எத்தனை முறை, மோட்டார் கரண்ட் சர்வீஸ் யார் பேர்ல, இதெல்லாம் சின்ன விஷயம் மாதிரி தெரியும், முதல் கோடைலயே பெரிய விஷயம் ஆயிடும்.

பங்கு வந்ததும் ரெண்டு வேலை பாக்கி இருக்கு. ஒண்ணு, உட்பிரிவு பண்ணி தனிப் பட்டா வாங்கிடுங்க, சர்வேயர் வந்து கல்லு நடும்போது நேர்ல நில்லுங்க, வீட்டுக்காரரை அனுப்பிட்டு இருந்துடாதீங்க. வந்த பணத்துல சின்னதா மனை வாங்குறீங்கன்னா உங்க பேர்லயே வாங்குங்க, 2025 ஏப்ரல் 1ல இருந்து 10 லட்சம் வரைக்கும் மதிப்புள்ள சொத்தைப் பொண்ணுங்க பேர்ல பதிஞ்சா பதிவுக் கட்டணத்துல 1 சதவீதம் குறைவு.

இன்னொண்ணு உயில். நாம உயில் எழுதாம போயிட்டா நம்ம சொத்து முதல்ல பிள்ளைங்களுக்கும் வீட்டுக்காரருக்கும் போகும். பிள்ளைங்க இல்லன்னா அப்பா அம்மா வழில வந்தது அப்பாவோட வாரிசுங்களுக்கே திரும்பிடும், அதாவது நாம கேஸ் போட்டு வாங்கினது அதே அண்ணன் கிட்ட. நாம சம்பாதிச்சதோ, வீட்டுக்காரரும் இல்லன்னா அவரோட வாரிசுங்களுக்குப் போகும், நம்மளைப் பெத்த அம்மா கூட அப்புறம்தான். இது பிடிக்கலன்னா எழுதி வைங்க. உயிலுக்கு ஸ்டாம்ப் பேப்பர் வேணாம், வெள்ளைத்தாள் போதும், ரெண்டு சாட்சி முன்னாடி கையெழுத்து போடணும், அவங்களும் உங்க முன்னாடி போடணும். சொத்து வாங்கப் போறவங்களையே சாட்சியா போடாதீங்க, உங்களை விட வயசுல சின்னவங்களா, தேடுனா கிடைக்கிற ஆளுங்களா போடுங்க.